சவிரிமுத்து &

ஸ்ரான்லி வீதி, பல் வைத்தியரின் அறைக்கு மேல்மாடி.
கீழே துளைக்கிற சத்தம் ஓய்ந்து இரண்டு மணித்தியாலம்.
குருநகர் வலைக்கடை ஒன்றின் விலைப்பட்டியல்
என் திரையில்:
முந்நூற்றுப் பன்னிரண்டு பொருள்,
ஒவ்வொன்றும் தன்தன் அடைப்புக்குள் ஒழுங்காய்ப் படுத்திருக்க
நாற்பத்தோராம் வரியில்
எல்லாம் நின்றுபோய்க் கிடக்கிறது.

நைலோன் வலை, கண் < 2 அங்குலம்.

கடைக்காரர் எழுதியது
இரண்டுக்குக் குறைவு என்று.
இயந்திரம் வாசித்தது
இதோ ஒரு கதவு திறக்கிறது என்று.
கதவின் பெயரைத் தேடிப் போய்
வெற்றிடத்தில் முட்டிக்கொண்டது.
அதில் அதன் பிழை ஒன்றும் இல்லை.
அந்தக் கூர்மூக்கு அதன் ஊரில் வாசல்,
கரையூரில் சூடை மீன்.

மாற்றி எழுதினேன்.
முன்னால் ஓர் 'அண்ட்', பிறகு எல், ரீ,
கடைசியில் அரைப்புள்ளி.
குறி தன் முகத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு
வெறும் எழுத்துகளாய் நடந்து
அந்தப் பக்கம் போனதும் திரும்பவும் மாட்டிக்கொள்ளும்.
இவ்வளவுதான் வித்தை.
(சோதனைச்சாவடி என்று ஒரு வரி வந்தது. அழித்துவிட்டேன்.
எல்லாவற்றுக்கும் அதையே இழுக்கக் கூடாது.)

பட்டியலின் அடியில் அடுத்த பிழை:
'&' குறியை ஒட்டி உடனே ஒரு பெயர் வரவேண்டும்.
போய்ப் பார்த்தால் கடையின் பெயர்.
சவிரிமுத்து &
அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

காலையில் தொலைபேசி எடுத்தேன்.
"ஐயா, பின்னால ஒரு பெயர் விடுபட்டிட்டுதோ?"
"விடுபடேல்லைப் பிள்ளை. அழிச்சது.
பலகையிலயும் பெயின்ற் அடிச்சிட்டன்."
"அப்ப அந்தக் குறியையும் எடுத்துவிடட்டே?"
அந்தப் பக்கம் ஆரோ
ஈயக்குண்டு கிலோ என்ன விலை என்று கேட்டார்கள்.
அவர் அதற்கு முதலில் பதில் சொன்னார்.
பிறகு எனக்கு:
"நான் அழிச்சது அலோசியசின்ரை பெயரை.
கணக்கை இல்லை.
மாசம் முடிய அவன்ரை பங்கு வங்கிக்குப் போகுது.
குறி கிடக்கட்டும்."

கிடக்கட்டும் என்றால்
அதையும் எழுத்தாக்கித்தான் கடத்த வேண்டும்.
அவசரத்தில் நான் ஒருமுறை மாற்ற,
வெளிவாசலில் ஸ்ரைல் ஷீற் தன்பாட்டில் இன்னொருமுறை மாற்ற,
குறிக்குப் பின்னால் ஏ எம் பி என்ற மூன்றெழுத்து
கழற்ற மறந்த முகமூடியாய்
நூற்றைம்பது பில்லில் அச்சாகிப் போனது.
பாசையூர் ஆள் ஒருவர் பில்லைத் தூக்கிப் பிடித்து
"உவர் ஆர் அம்ப்? புதுப் பங்காளியோ?"
என்று கேட்டாராம்.
சவிரிமுத்தர் சிரித்தாரோ தெரியாது.
அந்த மூன்றெழுத்தைச் சிவப்புப் பேனையால் சுழித்து
வாட்சப்பில் படம் மட்டும் அனுப்பியிருந்தார்.

"ஒண்டையும் மாத்தாமல் அப்படியே வெளியில விடு எண்டு
ஒரு கட்டளை இருக்கெல்லே, போட்டுவிடன்,"
என்றான் டிலக்சன், கொத்துரொட்டிப் பொதியைப் பிரித்தபடி.
இருக்கிறது.
அதைப் போட்டால் இன்றைக்கு இந்தக் குறி தப்பும்,
நாளைக்கு எந்த மூக்கு எந்தக் கதவை உடைக்கும் என்று
ஆர் பார்த்துக்கொண்டிருப்பது?
வேண்டாம் என்றேன்.
நான் கையால் செய்த மாற்றத்தைத் தேடிப் பிடித்து
அதை மாத்திரம் பிடுங்கினேன்.
ஒரு வரி. மூன்று மணித்தியாலம்.

பதினொரு மணிக்கு அச்சுப்பொறி ஒரு தாளைத் தள்ளியது.
வலையின் கண் இரண்டுக்குக் குறைவாகவே இருந்தது.
அடியில்
சவிரிமுத்து &
அதற்குப் பிறகு வெள்ளை,
ஐந்தெழுத்துப் பெயர் ஒன்று
நெருக்கமில்லாமல் உட்காரக்கூடிய அளவு.

இயந்திரம் இப்போது ஒன்றும் கேட்கவில்லை.
உடனே ஒரு பெயர் வேண்டும் என்றது,
ஒரு பெயர் கொடுத்தாயிற்று, அதற்குப் போதும்.

இனி அங்குலத்துக்கு அவர் போடுகிற
இரட்டைக் கோடு இருக்கிறது.
தூண்டில் முள், நூற்றெட்டாம் வரி.
நாளைக்குப் பார்க்கலாம்.
டிலக்சன் விளக்கை அணைத்துவிட்டான்.